எந்தப் பை கடனை அடைக்கும்? பருத்தி, சணல், நான்-ஓவன், நைலான்: ஓர் அலசல்

மெல்லிய கேரி பேக் ஒன்றின் எடை சுமார் 8 கிராம். அதற்கு மாற்றாக வாங்கும் கனத்த பருத்திப் பை 180 கிராமைத் தாண்டும். இருபது மடங்குக்கு மேல் சரக்கு உள்ளே போயிருக்கிறது. பருத்தி விளைய நீரும் உரமும் பூச்சிமருந்தும், நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் மின்சாரமும் வெந்நீரும் தனிக் கணக்கு. ஆகவே பையை மாற்றிய அன்றே சூழலுக்கு நன்மை செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். புதுப் பை ஒரு கடனோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. எத்தனை முறை தூக்கினால் அந்தக் கடன் அடையும், அதுவரை பை தாங்குமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். எந்தப் பை நல்லது என்று பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. மெல்லிய எச்டிபிஇ (அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) கேரி பேக்கை அளவுகோலாக வைத்து, புவி வெப்பமாதலில் அதற்குச் சமமாக ஒவ்வொரு பையையும் எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்று அது கணக்கிட்டது. ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேரி பேக்கோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். கேரி பேக்குகளில் 40 சதவீதம் வீட்டில் குப்பைப் பையாக மறுபடி பயன்படுவதாக வைத்தால் இன்னோர் எண் வரும்.

| பை | எடை (கிராம்) | சமமாகத் தேவைப்படும் முறை | குப்பைப் பைக் கணக்கும் சேர்த்தால் |
|---|---|---|---|
| காகிதம் | 55 | 3 | 4 |
| தடித்த எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்) | 35 | 4 | 5 |
| நான்-ஓவன் (நெய்யாத பிளாஸ்டிக் துணி) | 116 | 11 | 14 |
| பருத்தி | 183 | 131 | 173 |

வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு நான்-ஓவன் பையின் கடன் மூன்று மாதத்தில் அடையும். பருத்திப் பைக்கு இரண்டரை ஆண்டு. கேரி பேக்கைக் குப்பைக்கும் பயன்படுத்திக்கொண்டிருந்த வீடு என்றால் மூன்றேகால் ஆண்டு.

2018-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பரபரப்பானது. சாதாரணப் பருத்திப் பையை 7,100 முறையும் இயற்கை வேளாண் பருத்திப் பையை 20,000 முறையும் பயன்படுத்த வேண்டும் என்ற எண்கள் அங்கிருந்துதான் பரவின. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. பல சூழல் அளவுகோல்களில் எது மிக மோசமோ அதை மட்டும் வைத்து வந்த எண்கள் இவை. பருத்தி மாட்டிக்கொண்டது ஓசோன் படலச் சிதைவு என்ற அளவுகோலில். காலநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் அதே ஆய்வு சொல்வது முறையே 52, 149 தடவை. இயற்கைப் பருத்தியின் எண் எகிறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆய்வுக்கு எடுத்த பை நிர்ணயித்த கொள்ளளவைவிடச் சற்றுச் சிறியதாக இருந்ததால் ஒன்றுக்கு இரண்டு பையாகக் கணக்கு வைத்தார்கள். அங்கே அளவுகோலும் கேரி பேக் அல்ல, தடித்த எல்டிபிஇ பை. ஆகவே இரு ஆய்வுகளின் எண்களையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

இரண்டு ஆய்வுகளும் எடுத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. தெருவிலும் கடலிலும் சேரும் குப்பை. கேரி பேக் உற்பத்தியில் சிக்கனமானது; அதன் குற்றமெல்லாம் கையைவிட்டுப் போன பிறகுதான் தொடங்குகிறது. இருபது மைக்ரான் அளவே தடிமன் என்பதால் குப்பைத்தொட்டியிலிருந்தும் குப்பைவண்டியிலிருந்தும் காற்று எளிதில் கிளப்பிக்கொண்டு போகும். சாக்கடையை அடைக்கும். தரம்பிரிக்கும் இயந்திரத்தின் சுழல்தண்டில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்தும். மட்காமல் துண்டுதுண்டாக உடையும். கரியமிலக் கணக்கை மட்டும் காட்டி ‘பிளாஸ்டிக்கே நல்லது’ என்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

துணி மாதிரி தெரிவது எல்லாம் துணி அல்ல

கடைகளில் துணிப்பை என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி நான்-ஓவன் பாலிபுரொப்பிலீன். உருக்கிய பிளாஸ்டிக்கை இழைகளாகப் பரப்பி, புள்ளிபுள்ளியாகச் சூடு வைத்து அழுத்தி ஒட்டிய தாள் அது. அடையாளம் காண்பது சுலபம். மேற்பரப்பில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும். பாவும் ஊடும் இருக்காது. ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பார்த்தால் நூல் வராது, பிசிறுதான் வரும். இன்னும் சந்தேகம் என்றால் சிறு துண்டைக் கத்தரித்து இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டலாம். பருத்தி என்றால் எரிந்த காகித வாடையோடு மெல்லிய சாம்பல் மிஞ்சும். நான்-ஓவன் என்றால் சுருங்கி உருகிச் சொட்டும். உருகிய துளி தோலில் ஒட்டினால் ஆழமான தீப்புண்ணாகும், எனவே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே செய்வது நல்லது.

பிளாஸ்டிக் என்பதற்காக இதை ஒதுக்க வேண்டியதில்லை. பட்டியலில் 11 என்ற எண்ணைப் பாருங்கள், எளிதில் எட்டக்கூடியது. கேள்வி ஜிஎஸ்எம்மில் இருக்கிறது, அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடையில். 80-க்கு மேல், காது தைத்த பை என்றால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். 30, 40 ஜிஎஸ்எம்மில் சூடுவைத்து ஒட்டிய பை நாலைந்து தடவையிலேயே ஒட்டு விட்டுப் பிரிந்துவிடும். கேரி பேக்கைவிட அதிகப் பிளாஸ்டிக்கைச் செலவழித்துவிட்டு அதே வேகத்தில் குப்பைக்குப் போகிற இந்த மெலிந்த ரகம்தான் இருப்பதிலேயே மோசம் என்பது எங்கள் கருத்து.

இதற்குப் பெரிய எதிரி வெயில். பாலிபுரொப்பிலீன் புறஊதாக் கதிரில் சீக்கிரம் சிதையும். வண்டிக் கண்ணாடிக்கு அடியிலோ மொட்டைமாடிக் கொடியிலோ தொடர்ந்து கிடந்த பை ஒருநாள் கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி அத்தனையும் நுண்பிளாஸ்டிக். கழுவினால் நிழலில் காயப்போடுங்கள்.

மற்றவை

பருத்தியில் 140 ஜிஎஸ்எம் துணி லேசான சாமானுக்கு மட்டும். மளிகை தூக்க 270-க்கு மேற்பட்ட கான்வாஸ் வேண்டும். முதல் சலவையில் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும் என்பதால் அளவாக வாங்கியது சின்னதாகிவிடும். பருத்திக்கு ஒரு தனிச்சிறப்பு: நனைந்தால் இழை வலுக்கூடும். மழையிலும் ஈரக் காய்கறியிலும் அது காலைவாராது. எத்தனை தரம் துவைத்தாலும் தாங்கும், கிழிந்தால் தைக்கலாம். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பத்தாண்டு ஓட்டக்கூடிய ஒரே ரகம் இதுதான், அதனால் 131 என்பது எட்டாத எண் அல்ல. ஆனால் நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுக்கும் பருத்திப் பைகள் அலமாரியில் பத்துப் பதினைந்து சேர்ந்தால் அந்த எண்ணை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அடைக்க வேண்டும். அது நடக்காது. அடுத்துக் கொடுக்கும் பையை வாங்காமல் திருப்பிக் கொடுப்பதே அதிகப் பலன்.

சணல் நேர் எதிர். உலர்ந்திருக்கும்போது கனம் தாங்கும், நின்ற இடத்தில் சரியாமல் நிற்கும். ஈரம் பட்டால் வலுக்குறையும், காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் பழுப்பேறும். புதுப் பையின் வாடை நூற்பதற்கு முன் நாரில் தெளிக்கும் எண்ணெயுடையது. சில நாள் காற்றாட வைத்தால் குறையும். உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய சணல் பை நிறைய விற்கிறது. துடைக்க வசதிதான், ஆனால் துவைக்க முடியாது, படலம் உரிந்தால் சரிசெய்யவும் முடியாது, மறுசுழற்சிக்கும் போகாது. மீன், இறைச்சி தவிர்த்த உலர் மளிகைக்குச் சணலை வைத்துக்கொள்ளலாம்.

மடித்துச் சட்டைப்பையில் போடும் நைலான், பாலியெஸ்டர் பை பார்க்க மட்டும்தான் அற்பம். டென்மார்க் ஆய்வில் பாலியெஸ்டர் பைக்குக் காலநிலைக் கணக்கில் 2 முறை போதும். மிக மோசமான அளவுகோலிலும் 35. கட்டம்கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் துணி என்றால் ஒரு கிழிசல் விழுந்தாலும் அந்தக் கட்டத்தோடு பெரும்பாலும் நிற்கும். குறைகள்: காது மெல்லியதாக இருந்தால் உள்ளங்கையை அறுக்கும், சூடான பாத்திரம் பட்டால் உருகும், உட்பூச்சுள்ள பையைப் புழுக்கத்தில் வைத்தால் பூச்சு பிசுபிசுத்து உரியும்.

காகிதப் பை மூன்று முறை தாங்கினால் போதும் என்கிறது கணக்கு. ஈரமான காய்கறியோடு ஒருமுறை போய்வருவதே அதற்குச் சாதனை.

‘மட்கும்’ பிளாஸ்டிக் பைகளில் ஏமாறுவதுதான் அதிகம். மட்கும் சான்றிதழ் பெற்றவற்றில் பல, 58 டிகிரி செல்சியஸ் அளவு சூடு நிலைக்கும் தொழில்முறை உரக்கூடத்தை வைத்தே சோதிக்கப்பட்டவை. வீட்டு உரக்குழியில் அந்தச் சூடு நிலைக்காது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், ‘பயோடிகிரேடபிள்’ என்று விற்ற பை மூன்று ஆண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் சாமான் தாங்கியது. மட்கும் ரகம் கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது, மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது. பழைய பிளாஸ்டிக்கோடு இதைக் கலந்து போட்டால் மறுசுழற்சியும் கெடும்.

பை எங்கே கிழிகிறது

வீசி எறியப்பட்ட பைகளைப் பார்த்தால் நடுத்துணி கிழிந்தது அபூர்வம். காது உடலோடு சேரும் இடத்தில் பிய்ந்திருக்கும், அல்லது அடிமூலையில் தையல் விட்டிருக்கும். நடக்கும்போது பை மேலும் கீழும் குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்பிலும் சாமானின் எடையைவிடக் கூடுதல் இழுவை அந்த நாலு இடத்தில் விழுகிறது. அதனால் துணி எது என்று பார்ப்பதற்கு முன் பையை உள்புறம் திருப்பித் தையலைப் பாருங்கள்.

காதின் முனை குறைந்தது 3 செ.மீ. உள்ளே இறங்கி, சுற்றிச் சதுரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் தைத்திருக்க வேண்டும். குறுக்கே ஒற்றை வரித் தையல் மட்டும் என்றால் முதல் கண்ணி விட்டதும் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். காதுப் பட்டை அடிவரை இறங்கி, பையின் அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறினால் அதைவிட உறுதி கிடையாது. எடை துணியில் விழாமல் பட்டையிலேயே விழும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைப்பதும் சரியல்ல, குறிப்பாக நான்-ஓவனில். ஊசித் துளைகள் நெருங்க நெருங்கத் துளை வரிசையிலேயே தாள் கிழியும். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் போதும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் நனைந்ததும் வலுக்கூடினாலும், காயாத ஈரத்தில் நாளடைவில் இற்றுவிடும். காதின் அகலம் 3 செ.மீ., தோளில் மாட்ட வேண்டுமென்றால் நீளம் 60 செ.மீ.

அளவில் பேராசை வேண்டாம். 40 × 35 செ.மீ., அடி அகலம் 15 செ.மீ. என்றால் சுமார் 21 லிட்டர். அதைவிடப் பெரிய பையைப் பாதியில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. பத்துக் கிலோ ஏற்றிவிட்டுத் தையலைக் குறை சொல்வார்கள். ஒரு கைக்கு ஆறேழு கிலோ சரியான சுமை.

காது விட ஆரம்பித்ததும் தைத்துவிட வேண்டும். உள்புறம் 5 செ.மீ. சதுரத் துணித் துண்டை வைத்து, பழைய தையலுக்கு ஒரு செ.மீ. தள்ளிச் சதுரமும் பெருக்கலும் போட்டால் பை இன்னொரு பாதி ஆயுள் ஓடும். நான்-ஓவனுக்கும் இதையே செய்யலாம்.

கழுவாத பை

இறைச்சி, மீன் கசிவுதான் முக்கிய ஆபத்து. அதற்கென ஒரு பையை வேறு நிறத்தில் ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். பருத்தியாக இருந்தால் 60 டிகிரி வெந்நீரில் போடலாம் என்பதால் இந்த வேலைக்கு அதுவே பொருத்தம். மற்றப் பைகளைக் கறையோ வாடையோ தெரியும்போது கழுவினால் போதும். ஒவ்வொரு தடவையும் துவைத்தால் நீரும் மின்சாரமும் கடனில் ஏறும். நான்-ஓவனை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, அடியில் வைத்த அட்டையை எடுத்துத் தனியே காயவையுங்கள். அட்டைக்கும் துணிக்கும் நடுவில்தான் அழுக்கு நீர் தங்கும். பையை உள்புறம் திருப்பி முழுக்க உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். குளியலறையில் பையை மாட்டி வைக்கவே கூடாது. 2010-இல் அமெரிக்காவின் ஆரிகானில் ஒரு சிறுமியர் கால்பந்து அணியில் பரவிய நோரோவைரஸ் (வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி), குளியலறையில் இருந்த ஒரு பையிலிருந்து உணவுப் பொட்டலங்கள் வழியாகப் பரவியது என்று கண்டறிந்தார்கள்.

வீட்டில் கிடக்கும் பை

எந்த ரகமானாலும் கடைக்கு வரும்போது கையில் இல்லையென்றால் இன்னொன்று வாங்க வேண்டியதாகிறது. பிரிட்டன் பேரங்காடிகள் ‘வாழ்நாள் பை’ என்று விற்ற தடித்த பைகள் ஓராண்டில் 150 கோடி, வீட்டுக்குச் சராசரி 54 என்று 2019-இல் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. அதனால் வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எப்போதும் உடன் வருகிற மடிப்புப் பை ஒன்று, பிறகு வாராந்தரச் சாமானுக்குக் கான்வாஸ் அல்லது 80 ஜிஎஸ்எம் தைத்த நான்-ஓவன் மூன்று, இறைச்சிக்குத் தனியாக ஒன்று. சாமானை இறக்கியதும் காலிப் பையை அலமாரியில் வைக்காமல் வாசற்கதவின் கைப்பிடியிலோ வண்டிக்குள்ளோ போட்டுவிட வேண்டும்.

கேரி பேக் வருவது நின்றதும் குப்பைக்கு என்ன செய்வது என்ற சிக்கல் வரும். கலிபோர்னியாவில் பைத் தடைக்குப் பிறகு சிறிய குப்பைப் பைகளின் விற்பனை இரு மடங்குக்கு மேல் கூடியது. மிச்சப்பட்ட பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி அப்படியே திரும்பி வந்தது. ஈரக்குப்பையை உரத்துக்குப் பிரித்துவிட்டால் மீதி உலர்ந்த குப்பைக்கு உறை தேவைப்படாது. பிரிக்க வழியில்லாதவர்கள் தொட்டிக்குள் செய்தித்தாளை நாலடுக்காக விரித்து, வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் மாவு, தானியம் வந்த தடித்த பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்தால் சிறு தொட்டிக்குப் போதும்.