கீமோ நாட்களில் யாகுல்ட்: எங்கள் வீட்டு அனுபவம்

அத்தைக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸும் கேபசைட்டபின் மாத்திரையும் சேர்ந்த கீமோ. 21 நாளுக்கு ஒரு சுற்று: முதல் நாள் டிரிப்ஸ், 14 நாள் மாத்திரை, அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. முடி பெரிதாகக் கொட்டவில்லை, வயிறுதான் பாடாய்ப் படுத்தியது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிற மருந்து அதையும் விட்டுவைப்பதில்லை. உட்சுவர் புண்ணானால் வலி, உப்புசம், பேதி எல்லாம் வரிசையாக வரும்.

யாகுல்ட் என்ற புளிக்கவைத்த பால் பானத்தைக் கொடுத்துப் பார் என்று சொந்தக்காரர்கள் பலர் சொன்னார்கள். புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டோம். கவுன்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, நன்றாக இருக்கும் நாட்களில் தரலாம், இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். நான் கீழே எழுதுவதையெல்லாம் அந்த நிபந்தனையோடுதான் படிக்க வேண்டும்.

சின்ன பாட்டில், 65 மில்லி. அதில் 650 கோடி உயிருள்ள பாக்டீரியா. மினோரு ஷிரோட்டா என்ற ஜப்பானிய மருத்துவர் 1930இல் வளர்த்தெடுத்த வகை அது. வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு குடலைச் சேரும் என்பதுதான் அதன் சிறப்பு. 1935 முதல் விற்கிறார்கள். நமக்குக் கிடைப்பது ஹரியானாவில், சோனிபட்டில் தயாராவது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அளவு. ஒரு டம்ளர் கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், நாலு மடக்கில் முடிகிற இதை மறுக்காமல் குடித்தார். எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தைக்கு இதன் இனிப்பும் புளிப்பும் நாக்கில் உறைத்தன. இன்னொன்றும் உண்டு. குடல் புண்ணாகியிருக்கும்போது பால் சர்க்கரை செரிக்காமல் போகலாம். அத்தைக்குப் பால் காப்பி குடித்தாலே வயிறு கடமுடா என்றது. இதில் பால் பவுடர் கொஞ்சம்தான் என்பதாலோ என்னவோ, தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, பாட்டிலில் அது எழுதியிருக்காது. அந்த மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஜில்லென்று எதைக் குடித்தாலும் தொண்டை இறுகி, மூச்சு அடைப்பது போல ஆகிவிடும். யாகுல்ட்டையோ ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அதனால் அந்த நாட்களில் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, குளிர் முழுக்கப் போனபிறகுதான் கொடுத்தேன். சூடாக்கக் கூடாது, பாக்டீரியா செத்துவிடும். வாய்ப்புண் இருந்த நாட்களில் புளிப்பு எரிந்தது, அப்போது தரவே இல்லை.

சர்க்கரை அடுத்த குறை. இத்தனூண்டு பாட்டிலில் ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். அத்தைக்கு நீரிழிவு வேறு. சர்க்கரை குறைத்த யாகுல்ட் லைட்டுக்கு மாறிவிட்டோம். சுவையில் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, பேதி நின்றதா? நின்றது பேதியை நிறுத்தும் லோபராமைடு மருந்தாலும், மருத்துவர் கீமோ மாத்திரையின் அளவைக் குறைத்ததாலும். அந்தப் பெருமையை இந்த பாட்டிலுக்குக் கொடுக்க மாட்டேன். ஓய்வு வாரத்தில் உப்புசம் குறைந்தது, பசி கொஞ்சம் சீக்கிரம் திரும்பியது, அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. பின்லாந்தில் பெருங்குடல் புற்றுநோய் நோயாளிகள் 150 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. கடுமையான பேதி, புரோபயாடிக் (உடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா) எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு வந்தது, எடுக்காதவர்களில் 37 சதவீதம் பேருக்கு வந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவர்கள் கொடுத்தது லாக்டோபேசிலஸ் ஜிஜி என்ற வேறு வகை. அந்த எண்களைக் காட்டி யாகுல்ட்டை விற்பது சரியில்லை.

வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது இதைத் தொடவே தொடாதீர்கள். நலமாக இருப்பவருக்குச் சாதுவான இதே பாக்டீரியா, புண்ணான குடல் வழியாக ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. 'இயற்கையானதுதானே' என்று சொல்லி யாராவது கையில் திணித்தால் வாங்கி வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் வயிறு போனாலோ மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள். அந்த நேரத்துக்கு ஓ.ஆர்.எஸ்.தான் வேண்டும், யாகுல்ட் இல்லை.

வீட்டு மோர் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அத்தைக்கு மோர்தான் உயிர், கவுன்ட் தேறிய பிறகு அதற்கே திரும்பிவிட்டார். ஆனால் உறை மோரில் எந்தக் கிருமி, எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. சிகிச்சை நடக்கும்போது சீல் வைத்த பாட்டில் எனக்குத் தைரியம் தந்தது.

வாங்கும்போது கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திருச்சியில் எங்கள் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் சித்திரை வெயிலில் கல்லா மேலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, இப்போதுதான் வண்டியில் வந்தது என்றார் கடைக்காரர். அட்டை வெதுவெதுப்பாக இருந்தது. நான் வாங்கவில்லை. 10 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய பொருள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள், தேதியையும் பாருங்கள்.