வெட்டிய அட்டையில் இல்லாத எண்

சேலத்தில் கழித்த மூன்று வாரங்களில் இன்னும் என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பவை, அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் கத்தரிக்கோலால் வெட்டித் தந்த ஆறு மாத்திரைகள்தாம். சிறுநீர்த் தொற்றுக்காக எழுதப்பட்ட கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா வகை மருந்தை அம்மா விழுங்கத் தொடங்கிய மூன்றாம் நாள், மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள் எழும்பின. "சித்திரை வெயில், உடம்புச் சூடு, மோர் குடித்தால் அடங்கிவிடும்" என்றார் அம்மா. சல்ஃபா மருந்துகளால் தடிப்பு வருவதும், அரிதாக அது தோல் உரியும் அளவுக்கு முற்றுவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை என்பதால், நான் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பார்த்தவுடன் நிறுத்தச் சொன்னார்.

அடுத்த சில நாட்களில் தடிப்புகள் வற்றிய பின், ஒரு விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் இட்டுக் கணிக்க 1981-இல் நரஞ்சோ என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த பத்துக் கேள்விகளைக் கைபேசிச் செயலியில் திறந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்தேன். முன்பே அறியப்பட்ட விளைவு, மதிப்பெண் 1. மருந்துக்குப் பிறகு வந்தது, 2. நிறுத்தியதும் குறைந்தது, 1. மருத்துவர் நேரில் கண்டது, 1. வேறு காரணம் உண்டா என்ற கேள்வியில்தான் அம்மாவின் வெயில் குறுக்கே வந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் வெயில் தணியவில்லை, தடிப்புகள்தான் தணிந்தன என்று விளக்கியபோது அவரும் ஒப்புக்கொண்டார், அதற்கு 2. மொத்தம் 7. ஐந்து முதல் எட்டு வரை வந்தால் பெரும்பாலும் மருந்தே காரணம் என்பது அந்த அளவுகோலின் கணக்கு. வீட்டுத் திண்ணையில் இவ்வளவும் முடிகிறதே என்று மனம் நிறைந்தது.

மருந்துகளின் பக்க விளைவுகளைக் கண்காணிக்கும், காசியாபாத்தில் உள்ள தேசிய மையத்துக்கு அறிக்கை அனுப்ப முனைந்தபோதுதான் தடுக்கி நின்றேன். எந்தத் தயாரிப்புத் தொகுதியில் செய்த மாத்திரை என்று காட்டும் தொகுதி எண் எங்கே? அட்டையின் ஓரத்தில் அச்சாகியிருந்த எண்ணும் காலாவதி மாதமும் வேறு யாருக்கோ விற்ற துண்டோடு போய்விட்டன. இங்கிலாந்தில் மாத்திரை பெட்டியோடும் துண்டுப்பிரசுரத்தோடும் வரும். பக்க விளைவு கண்டால் எல்லோ கார்டு திட்டத்துக்குத் தெரிவியுங்கள் என்ற வரி அந்தப் பிரசுரத்திலேயே இருக்கும். 1964 முதல் நடக்கும் திட்டம் அது. நம் ஊரிலும் நோயாளியே நிரப்பக்கூடிய படிவம் தமிழில் உண்டு, 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உண்டு. ஆனால் அந்தக் கடையில் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"முழு அட்டை யாரும் வாங்கறதில்லைங்க அக்கா" என்றார் கடைத் தம்பி. அவர் சொன்னதும் உண்மையே; அப்பா காலத்திலிருந்து தேவைக்கு எண்ணித்தான் வாங்கினோம், ஏழை வீட்டுக்கு அது உதவிதான். ஆயினும் ரசீது கேட்டிருந்தால் அதில் தொகுதி எண் அச்சாகியிருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

தெரிந்தால் மட்டும் நிரப்பும் கட்டம் என்பதால் அதைக் காலியாகவே விட்டு அறிக்கையை அனுப்பினேன். அம்மாவுக்கு மாற்று மருந்து வாங்கப் போனபோது, வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் இருபுறமும் படம் எடுத்துக்கொண்டேன். தம்பி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எண் தெரியும்படி வெளிச்சத்தில் பிடித்துக் கொடுத்தார்.