ஃபயர்பாக்ஸ் அப்டேட்டுக்கு அப்புறம் மக்கர் செய்தால்: ரீஃப்ரெஷா, புதிய ப்ரொஃபைலா, பழைய பதிப்பா?

ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. பெரும்பாலும் வந்ததே தெரியாது. எப்போதாவது ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் பக்கம் கருப்பாகத் தெரியும், வீடியோ திக்கித் திக்கி ஓடும், நேற்றுவரை திறந்த தளம் இன்று உள்ளேயே விடாது. உடனே கிடைக்கும் யோசனை, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு." இதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நம் புக்மார்க், எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிக்காக உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்), மாற்றிய அமைப்புகள் எல்லாம் ப்ரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் வழக்கமாக அந்த ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். மறுபடி நிறுவியதும் பழைய கோளாறும் கூடவே வந்து சேரும்.

ஆக, மிச்சமிருப்பவை நான்கு: ட்ரபிள்ஷூட் மோட், புதிய ப்ரொஃபைல், ரீஃப்ரெஷ் (பக்கத்தை அல்ல, ஃபயர்பாக்ஸையே புதிதாக்குவது), பழைய பதிப்புக்குப் போவது. பலரும் ரீஃப்ரெஷிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வர வேண்டியது.

ட்ரபிள்ஷூட் மோட் என்பது முன்பு சேஃப் மோட் என்று இருந்ததுதான். உதவி மெனுவில் இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஃபயர்பாக்ஸைத் திறந்தாலும் வரும். எக்ஸ்டென்ஷன்களும் தீமும் தற்காலிகமாக நிற்கும். கூடவே ஹார்டுவேர் ஆக்சலரேஷனும், அதாவது படம், வீடியோ வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பதும், நின்றுவிடும். இதைக் கவனிக்காததால்தான் குழப்பம் வருகிறது. இந்த மோடில் எல்லாம் சரியாக ஓடினால், "எக்ஸ்டென்ஷன்தான் காரணம்" என்று ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் குற்றவாளி அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவராக இருக்கலாம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது புதிய ப்ரொஃபைல். முகவரிப் பட்டையில் அபவுட்:ப்ரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி, புதிதாக ஒன்று உருவாக்கி, அதைத் தனி ஜன்னலில் திறக்க வேண்டும். பழையதை இது தொடாது. புதிய ப்ரொஃபைலில் எக்ஸ்டென்ஷன் இருக்காது, ஆனால் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் வழக்கம்போல ஓடும். ஆகவே ட்ரபிள்ஷூட் மோடில் சரியாக இருந்து புதிய ப்ரொஃபைலிலும் பக்கம் கருத்தால், சந்தேகம் டிரைவர் மேல். அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போய், செயல்திறன் என்ற தலைப்பின் கீழ் பரிந்துரைத்த அமைப்பை எடுத்துவிட்டால் ஹார்டுவேர் ஆக்சலரேஷனுக்கான டிக் பெட்டி தெரியும். அதை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

ட்ரபிள்ஷூட் மோடிலும் தொல்லை, புதிய ப்ரொஃபைலில் மட்டும் இல்லை என்றால், எப்போதோ அபவுட்:கான்ஃபிக் என்ற நுணுக்க அமைப்புப் பக்கத்தில் நாம் மாற்றி மறந்த ஏதோ ஒன்று இப்போது இடிக்கிறது என்று ஊகிக்கலாம். அந்தப் பக்கத்தில் மாற்றியவற்றை மட்டும் காட்டச் சொல்லும் பெட்டி உண்டு. அங்கே திருத்தியும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய மதிப்பே திரும்பி வருகிறதா? ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் யூசர்.ஜேஎஸ் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் அதில் உள்ளதுதான் செல்லும்.

இரண்டு இடத்திலும் கோளாறு அப்படியே இருந்தால் ப்ரொஃபைலைக் குடைந்து பயனில்லை. ஆன்டிவைரஸ், அலுவலகக் கணினியில் நிர்வாகி போட்ட பாலிசி, இல்லையென்றால் அந்தத் தளமே காரணமாக இருக்கலாம். ரீஃப்ரெஷும் இங்கே கைகொடுக்காது.

சரி, ரீஃப்ரெஷ். புக்மார்க், பார்த்த பக்கங்கள், பாஸ்வேர்ட், குக்கி இவற்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக்கும். ஒரே பட்டன் என்பதால் வசதிதான். போவது என்னவென்று பார்த்தால்தான் வலிக்கும்: எக்ஸ்டென்ஷன்கள், தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகள், மாற்றிய அமைப்புகள், நாமே சேர்த்த தேடுபொறிகள், சான்றிதழ் மற்றும் பாதுகாப்புச் சாதன அமைப்புகள். டெண்டருக்கோ வரித் தாக்கலுக்கோ டிஜிட்டல் கையொப்ப டோக்கனை ஃபயர்பாக்ஸில் இணைத்து வைத்திருப்பவர்கள் கடைசி நாளன்று இந்தப் பட்டனை அமுக்க வேண்டாம். பழைய ப்ரொஃபைல் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வந்து விழும். கோளாறு சரியாகிவிட்டதென்று அதை அன்றே அழிக்காதீர்கள்.

எதையும் செய்யாமல் இருப்பதே சிறந்த வழியாக இருந்த சமயமும் உண்டு. 2019 மே மாதத் தொடக்கத்தில், எக்ஸ்டென்ஷன்களுக்கான கையொப்பச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே இரவில் முடங்கின. யாருடைய அமைப்பிலும் தவறில்லை. எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் அதில் சேர்த்த தரவு போய்விடும், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா சொல்ல வேண்டியிருந்தது. 66.0.4 பதிப்பு வந்ததும் பெரும்பாலோருக்குச் சரியாயிற்று. அதனால், அப்டேட் வந்த அன்றே எல்லோருக்கும் ஒரே தொல்லை என்று தெரிந்தால், நான் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது எனக்குப் பிடிக்காத வழி. 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல், புதிய பதிப்பில் திறந்த ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்பதில்லை. புதிதாக ஒன்று உருவாக்கு, இல்லையேல் வெளியேறு என்று நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும். 2025 மார்ச் 14 அன்று எக்ஸ்டென்ஷன்களைச் சரிபார்க்க உதவும் ஒரு ரூட் (மூல) சான்றிதழ் காலாவதியானபோது, 128க்கு முந்தைய பதிப்புகளில் தங்கிவிட்டவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் தொல்லை வந்தது. ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரிசையின் 115இல், குறைந்தது 115.13 வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினார்கள்.

மாதாமாதம் மாறுவதே ஒத்துவரவில்லை என்பவர்களுக்கு ஈஎஸ்ஆர் வரிசை தேவலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், வசதிகள் மாறுவது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறைதான். ஆனால் அதுவும் பதிப்பு எண்ணில் பழையது என்பதால் இப்போதைய ப்ரொஃபைலைத் திறக்காது. மாறும் முன்பே புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் மொசில்லா கணக்கில் சிங்க் செய்துவிட்டு, ஈஎஸ்ஆரில் புதிய ப்ரொஃபைலுடன் தொடங்குங்கள்.