ஆர்வி பேட்டரி: கோல்ஃப் கார்ட் ஜோடியா, லித்தியமா?

டெக்ஸஸில் உள்ள பிக் பெண்ட் பூங்காவில் ஒரு ஜனவரி இரவு. மணி மூன்று இருக்கும். எங்கள் ஆர்வி டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், தங்கும் வசதியுள்ள வண்டி) ஹீட்டர் விசிறி சத்தம் இறங்கி, இழுத்து இழுத்துச் சுற்றி, நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் கேஸ் டிடெக்டர் கீச்சிட ஆரம்பித்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 11.4 வோல்ட். இத்தனைக்கும் முந்தின நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டியிருந்தேன். சுவர்ப் பேனலில் பேட்டரி அளவைக் காட்டும் நான்கு விளக்கும் எரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அணைத்தேன்.

அப்போது வண்டியில் இருந்தது 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி ஜோடி; அமிலம் நிரம்பிய ஈய பேட்டரி இரண்டை இணைத்து 12 வோல்ட் ஆக்கியது. அந்த வகையை மொத்தம் ஆறு வருடம் வைத்திருந்தேன். கடந்த மூன்று குளிர்காலமாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட். இப்போது என் ஓட்டு லித்தியத்துக்குத்தான்.

எடையும் கொள்ளளவும் எல்லோரும் சொல்வதுதான். 225 ஆம்ப்-அவர் ஜோடி ஏறக்குறைய 56 கிலோ. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 110 சொச்சம். 100 ஆம்ப்-அவர் லித்தியம் 12 கிலோ அளவில் இருக்கும், கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். மூடி முத்திரையிட்ட ஈய வகையான ஏஜிஎம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது. ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் தொல்லை அதற்கும் உண்டு, விலையும் கூடுதல்.

தொல்லை எதில் என்றால், கடைசி 20 சதவீத சார்ஜில். ஈய பேட்டரி 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். அதற்கு மேல் ஏறும் ஆம்ப் தானாகவே குறைந்துகொண்டே போகும். மிச்சம் நிரம்ப நாலைந்து மணி நேரம் பிடிக்கும். எவ்வளவு பெரிய சார்ஜர் போட்டாலும் அந்த நேரத்தைச் சுருக்க முடியாது. கரண்ட் இணைப்புள்ள முகாமில் ராத்திரி முழுக்க சொருகி வைத்தால் நிரம்பிவிடும். இணைப்பில்லாத தேசியப் பூங்கா முகாம்களில் ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு; குளிர்கால சோலாரோ மாலை நாலரைக்கே ஓய்ந்துவிடும். ஆக, ஒரு நாளும் முழுதாக நிரம்பாது. நிரம்பாத பேட்டரியின் தகடுகளில் தங்கும் ஈய சல்பேட் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு, பிறகு எந்த சார்ஜுக்கும் கரையாது. சார்ஜ் ஏறும்போது வோல்ட் உயர்ந்து காட்டுவதால் பேனல் விளக்கு நாலும் எரியும். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

முதல் ஜோடி இரண்டே வருடத்தில் போய்விட்டது. மூடியைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்தேன்: 1.270 அருகே நிற்க வேண்டிய மிதவை 1.200-ஐத் தாண்டவில்லை. வண்டியோடு வந்த கன்வெர்ட்டர் (வெளிக் கரண்டை மாற்றி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டி) 13.6 வோல்ட்டுக்கு மேல் போகவே இல்லை. இந்த வகைக்கு 14.4 முதல் 14.8 வரை வேண்டும்.

அப்படியானால் கன்வெர்ட்டரை மாற்றினால் போதாதா? மாற்றினேன். இரண்டாவது ஜோடிக்கு மாதம் ஒரு தடவை சார்ஜ் முடிந்ததும் டிஸ்டில்ட் வாட்டர், டெர்மினலில் பூத்த வெள்ளைக்கு சமையல் சோடாத் தண்ணீர், அவ்வப்போது ஈக்வலைஸ் சார்ஜ் (சல்பேட்டைக் கரைக்க வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) என்று எல்லாம் செய்தேன். நான்கு வருடம் உழைத்தது. பயணத்தில் அந்தக் கடைசி 20 சதவீதம் மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை.

லித்தியம் நிரம்பியே ஆக வேண்டும் என்பதில்லை. 60 சதவீதத்தில் ஒரு வாரம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. லித்தியத்துக்கு ஏற்ற 55 ஆம்ப் கன்வெர்ட்டர் ஏறக்குறைய நிரம்பும்வரை அதே வேகத்தில் ஏற்றுகிறது. இரவில் 60 ஆம்ப்-அவர் செலவானால் காலையில் ஒன்றேகால் மணி நேர ஜெனரேட்டரோடு வேலை முடிந்தது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மாற்றும்போது சிலவற்றைக் கவனியுங்கள். சோலார் கண்ட்ரோலரில் ஈக்வலைஸை அணைத்துவிடுங்கள். வோல்ட்டை வைத்து மீதி சார்ஜைக் கணிக்க முடியாது, 13.2-லேயே நெடுநேரம் நிற்கும், ஆகவே உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பைக் கணக்கிடும் ஷன்ட் மீட்டர் அவசியம். ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றுவதானால் நடுவில், இழுக்கும் ஆம்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். லித்தியம் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம். நிறுத்தி வைக்கும் வழக்கமும் தலைகீழ்: ஈய பேட்டரியை நிரப்பி வைக்க வேண்டும், லித்தியத்தைப் பாதியில் விட்டு இணைப்பைக் கழற்ற வேண்டும்.

எப்போதும் கரண்ட் இணைப்புள்ள இடத்திலேயே தங்குகிறவர் கோல்ஃப் கார்ட் ஜோடியை மாற்ற வேண்டாம். நல்ல கன்வெர்ட்டரும் மாதாமாதம் தண்ணீரும் போதும். அந்தப் பணத்தை டயரில் போடலாம்.

குளிரில் மட்டும் ஈய பேட்டரிதான் மேல். நிரம்பிய நிலையில் கடுங்குளிரிலும் உறையாது, சார்ஜும் ஏற்றிக்கொள்ளும். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரிகளின் உள்ளிருக்கும் காப்புச் சுற்று தடுத்துவிடும்; வாங்கும்போது அது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். லித்தியம் சார்ஜ் ஏறும்போது வாயு வெளியிடாது என்பதால் அதை டிரெய்லர் முன்கம்பியில் இருந்த பெட்டியிலிருந்து கட்டிலுக்கு அடியில் மாற்றி வைத்தேன். ஹீட்டர் ஓடும் வரை அங்கே 10 டிகிரிக்குக் கீழே போனதில்லை. ஆனால் நான் தங்கியதெல்லாம் டெக்ஸஸ், அரிசோனா குளிர்தான். மினசோட்டாவில் குளிர்காலம் கழிக்கிறவர்கள் ஹீட்டர் பொதிந்த பேட்டரி வாங்குவது நல்லது.