ஐபிகால்க்: அந்த ஓர் இடைவெளிக்காகவே நிறுவலாம்

சப்நெட், அதாவது பெரிய நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது பற்றி எத்தனையோ விளக்கங்கள் படித்தும் /24 தவிர வேறு எதுவும் மனதில் நிற்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸ் டெர்மினலில் ஓடும் ஐபிகால்க் சின்னஞ்சிறு நிரல், இலவசம், இணையம் இல்லாமலே வேலை செய்யும். முகவரியையும் அதில் எத்தனை பிட் நெட்வொர்க்குக்கு என்று சொல்லும் /26 மாதிரி ஓர் எண்ணையும் கொடுத்தால் நெட்வொர்க், மாஸ்க் (அந்த பிட் எண்ணிக்கையையே புள்ளி வைத்து எழுதுவது), பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் முகவரி) எல்லாம் சொல்லிவிடும். இதைச் செய்யும் இணையதளங்கள் ஏராளம், ஆனால் அவற்றில் பல விடையை மட்டும் நீட்டுகின்றன. இது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்திலேயே பைனரியையும் எழுதி, நெட்வொர்க் பிட் முடிந்து கணினியைக் குறிக்கும் ஹோஸ்ட் பிட் தொடங்கும் இடத்தில் ஒரு இடைவெளி விடுகிறது. எனக்கு சப்நெட் புரிந்தது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

192.168.10.77/26 என்று கொடுத்துப் பாருங்கள். ஐபிவி4 முகவரி என்பது 32 பிட், புள்ளி வைத்து நாலு எண்ணாக எழுதுவதெல்லாம் நம் வசதிக்கு. முதல் 26 பிட் நெட்வொர்க்குக்குப் போய்விட்டால் கடைசி எண்ணான 77, அதாவது 01001101, இரண்டாக வெட்டுப்பட்டு 01 001101 என்று நிற்கும். வலப்பக்கம் முழுக்க 0 போட்டால் 64, அது நெட்வொர்க் முகவரி. முழுக்க 1 போட்டால் 127, அது பிராட்காஸ்ட். நடுவில் 65 முதல் 126 வரை கணினிகளுக்கு 62 முகவரிகள். "64-இல் ஏன் இரண்டைக் கழிக்கிறோம்" என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம், வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதே கணினியில் யாராவது தவறி 255.255.255.0, அதாவது /24 என்று மாஸ்க் வைத்துவிட்டால் வெட்டு இரண்டு பிட் இடப்பக்கம் நகர்ந்துவிடும். அப்புறம் பக்கத்து சப்நெட்டில் 130-இல் இருக்கும் பிரிண்டரையும் அந்தக் கணினி தன் சொந்த நெட்வொர்க்கில் இருப்பதாக நினைத்து, வேறு நெட்வொர்க்குகளுக்கு வழியான கேட்வேக்கு அனுப்பாமல் நேராகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கும், பதில் வராது.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. 192.168.10.0/24 என்று கொடுத்து, பிரிக்கச் சொல்லும் எஸ் விருப்பத்தோடு (-s) 50 20 10 என்று போட்டால், 50-க்கு ஒரு /26, 20-க்கு ஒரு /27, 10-க்கு ஒரு /28 என்று தானே வெட்டித் தரும்; மிச்சமாக 112-இல் தொடங்கும் /28-உம் 128-இல் தொடங்கும் /25-உம் இருப்பதையும் காட்டும். காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் இங்கே நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஓர் அலுவலகத்தில் 30 கணினிகள் என்று கேட்டு 30 என்றே கொடுத்தேன், அதுவும் சரியாக /27 தந்தது. /27-இல் பயன்படுத்தக்கூடியது 30 முகவரிகள்தான், அதில் ஒன்றை கேட்வே எடுத்துக்கொண்டது, கடைசிக் கணினிக்கு முகவரி இல்லை. நிரல் மீது தவறில்லை, கேட்ட எண்ணிக்கைக்குத்தான் அது கணக்குப் போடும். கேட்வே, சுவிட்ச், பிரிண்டர், வளர்ச்சிக்கு விடும் இடம் எல்லாவற்றையும் நீங்களே கூட்டிக் கொடுங்கள்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. 10.1.2.0/24 என்று கொடுத்தால் பக்கத்தில் 'கிளாஸ் ஏ' என்று எழுதுகிறது. முகவரியின் தொடக்கத்தை வைத்தே எல்லையை முடிவுசெய்த பழைய முறை அது. 1993-இல் வகுப்பே இல்லாமல் முகவரி பிரிக்கும் சிஐடிஆர் முறை வந்தபோதே ஏ, பி, சி வகுப்புப் பிரிவு காலாவதியாகிவிட்டது, எல்லை எந்த பிட்டில் வேண்டுமானாலும் விழலாம். புதிதாகப் படிப்பவர் /24-ஐயும் 'கிளாஸ் ஏ'-வையும் ஒரே திரையில் பார்த்தால் குழம்பத்தான் செய்வார், அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளாதீர்கள். உள் நெட்வொர்க்குகளுக்கு மட்டுமான தனியார் முகவரி என்று குறிப்பது மட்டும் உண்மையிலேயே பயன்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றையும் அடையாளம் காட்டும். நடுவில் இருப்பது 172.31 வரை போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், 172.32 வெளி உலகத்தது.

நிறுவும்போது ஒரு கவனம். ஃபெடோராவில் இதே பெயரில் கிடைப்பது வேறு நிரல். நான் சொல்லும் பைனரி இடைவெளி டெபியன், உபுண்டுவில் வரும் பெர்ல் நிரலில் இருப்பது. பழைய பதிப்புகள் 128 பிட் முகவரிகளான ஐபிவி6 பக்கமே போகாது, அதற்கு சிப்கால்க் என்ற நிரலை வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் காகிதத்தில் நெட்வொர்க்கையும் பிராட்காஸ்ட்டையும் எழுதிவிட்டு, அதன்பிறகு என்டர் தட்டுங்கள். /20, /21 மாதிரி வெட்டு மூன்றாவது எண்ணுக்குள் விழும் கணக்குகளில் தொடங்கினால் இன்னும் நல்லது, பெரும்பாலும் தவறு அங்கேதான் நடக்கிறது.