ஜூலா, கலோரியா, யூனிட்டா? என் நோட்ஸுக்கு நான் எடுத்த அளவு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் நோட்ஸைத் திரும்ப எழுதும்போது, வேலை, வெப்பம், மின்சாரம் மூன்றிலும் ஆற்றலை அளக்க ஜூல் என்ற அலகு ஒன்றே போதும் என்று முடிவெடுத்தேன்.

ஆற்றலுக்கான பழைய, மிகச் சிறிய அலகான எர்க்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கோடி எர்க் ஒரு ஜூல், அவ்வளவுதான். கலோரி தண்ணீருக்கு வசதி: ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கினால் ஒரு கலோரி. எண்ணெய்க்குப் போனால் அந்த வசதி போய்விடும். பிஸ்கட் பாக்கெட்டில் பேச்சுவழக்கில் கலோரி என்று நாம் படிப்பது உண்மையில் கிலோகலோரி. அங்கே பிள்ளைகள் ஆயிரம் மடங்கு தவறுகிறார்கள்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது அலகு மாற்றும் வேலைதான். பிள்ளைகள் மதிப்பெண் விடுவது பெரும்பாலும் சூத்திரத்தில் இல்லை, ஒரு கலோரிக்கு 4.186 ஜூல் என்ற எண்ணால் பெருக்குவதா வகுப்பதா என்ற இடத்தில். அந்த எண்ணுக்கு அடிப்படையான கணக்கை ஜேம்ஸ் ஜூல் 1840களில் எடையை இறக்கித் துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்து அளந்தார். வெப்பத்துக்கும் ஜூலே அலகு என்று 1948-ல் சர்வதேச மாநாடு முடிவு செய்த பிறகு, நாம் ஏன் அந்தப் பெருக்கலைச் சுமக்க வேண்டும்?

வகுப்பில் 1,500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்தோம். 30 டிகிரியிலிருந்து கொதிக்க 220 வினாடி ஆனது. வாட்டை வினாடியால் பெருக்கினால் உள்ளே போனது 3,30,000 ஜூல். தண்ணீர் வாங்கியது சுமார் 2,93,000. மீதி கெட்டிலின் உடம்புக்கும் காற்றுக்கும் போனது. நடுவே ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் 20 லிட்டர் தண்ணீரை 3 மீட்டர் மேலே மாடிக்குத் தூக்கும் கணக்கைப் போட்டோம்: 588 ஜூல். ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கும் ஆற்றலில் அதை ஏறக்குறைய ஐந்நூறு தடவை தூக்கலாம்! இரண்டும் ஒரே அலகில் இருந்ததால்தான் பிள்ளைகளுக்கு அது உடனே கண்ணில் பட்டது.

அணுப் பாடத்தில் ஆற்றலின் மிக நுண்ணிய அலகான எலக்ட்ரான் வோல்ட்தான் கைக்கு அடக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் பிளஸ் டூ கணக்குக்கு மேல் நான் அதைப் பழகியதில்லை.

மின்கட்டணம் வரும் நாளில் மட்டும் யூனிட்டை எடுக்கிறேன். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். அந்த வகையில் நம் கெட்டில் இழுத்தது 0.09 யூனிட்.