இரண்டு கையும் சாக்ஸபோனில் இருக்கும்போது எந்த சிந்த்?

தனியாக நின்று சாக்ஸபோன் ஊதி, அதோடு மின்சாரத்தால் சத்தம் எழுப்பும் அனலாக் சிந்தசைசரையும் (சுருக்கமாக சிந்த்) பேசவைக்க நினைத்தபோது என் காசுக்கு எட்டியவை இரண்டு: கோர்க் எம்எஸ்-20 மினி, ஆர்டூரியா மைக்ரோப்ரூட். இரண்டும் 2013இல் வந்தவை. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டையும் வைத்து ஊதிப் பார்த்துவிட்டுக் கோர்க்கை எடுத்தேன். மைக்ரோப்ரூட்டை நண்பரிடம் மூன்று வாரம் இரவல் வாங்கித்தான் பழகினேன், அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தில் இரண்டுமே நல்லவை. சத்தத்தைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் மைக்ரோப்ரூட்டில் ஒன்று, கோர்க்கில் இரண்டு. மைக்ரோப்ரூட் விலை குறைவு, தூக்கிப் போகவும் லேசு.

சரி, கைக்கு வருவோம். சாக்ஸபோன் ஊதுகிறவருக்குச் சும்மா இருக்கிற விரல் கிடையாது. வெளிச் சத்தத்தை உள்ளே எடுக்க இரண்டிலும் வழி உண்டு. ஆனால் மைக்ரோப்ரூட்டில் ஒரு கட்டை அழுத்தப்பட்டிருந்தால்தான் அது வெளியே வரும். ஐஸ்கிரீம் குச்சியைச் செருகிக் கட்டையை இறுக்கிவைத்தேன். சத்தம் வந்தது, ஆனால் சிந்தின் சொந்தச் சத்தம் நிற்கவில்லை. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: “அது என்ன மனே, நீ ஊதி நிப்பாட்டின பிறகும் அது ஊதிக்கொண்டு கிடக்கு?”

அம்மா கேட்டதுதான் விஷயமே. என் மூச்சு நின்றால் சிந்தும் நிற்கவேண்டும். 1978இல் வந்த பழைய எம்எஸ்-20இலேயே அதற்கென்று ஒரு பகுதி இருந்தது. மினியிலும் அப்படியே இருக்கிறது. மைக்கை அதில் செருகினால் சத்தத்தின் பருமனை ஒரு வோல்டேஜாகவும், சுருதியை இன்னொன்றாகவும், ஊதத் தொடங்கும் கணத்தை ஒரு ட்ரிகராகவும் (சுரத்தைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞை) பிரித்துத் தரும். பருமனை ஒரு வயரால், சத்தத்தின் கூர்மையை வெட்டும் ஃபில்டருக்குக் கொடுத்தேன். மெல்ல ஊதினால் அடித்தொண்டையில் முனகியது. மூச்சை இறுக்க இறுக்க வாய் திறந்தது. நாக்கால் ஒரு தட்டு, புதிய சுரம். குச்சி தேவைப்படவில்லை.

சுருதியைப் பிடிப்பதில் சிக்கல் உண்டு. ஆல்டோ வகைச் சாக்ஸபோனின் அடிச்சுரம் கிட்டத்தட்ட 139 ஹெர்ட்ஸ். அங்கே மேல்சுரங்கள் பலமாக இருப்பதால் கருவி ஏமாந்து ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். மேல்சுரங்களை வெட்டும் ஹை-கட் திருகைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒன்றாகக் கிளப்பினால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகவே நான் அப்படி ஊதுகிறேன். மைக்கை மட்டும் சாக்ஸபோனின் அகன்ற முன்வாயோடு கிளிப் பண்ணுங்கள், தள்ளி வைத்தால் ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்பக் கேட்டுச் சுற்றத் தொடங்கும்.

பராமரிப்பு: சூடான கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் சாக்ஸபோன் சுருதி ஏறும், சிந்தும் தன்பாட்டில் நகரும். அரை மணித்தியாலம் முன்பே போட்டு வைத்துவிட்டுச் சுருதி சேர்க்கிறேன். கடற்காற்றுக்குக் கோர்க்கின் அத்தனை துளைகளும் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதை ஆறு மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாரியையும் அது இன்னும் காணவில்லை. துணியால் மூடி, சிலிக்கா பைகள் போட்டு வைத்திருக்கிறேன்.

பின்னால் வேறு கருவிகளோடு வயர் போட்டு இணைக்கும் எண்ணம் இருந்தால் மைக்ரோப்ரூட்டை யோசியுங்கள். அது பெரும்பாலான சிந்துகளைப் போல ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் கணக்கு, அதாவது ஒரு ஸ்தாயி ஏற ஒரு வோல்ட் கூடும். கோர்க்கின் கணக்கு வேறு, நேரே இணைத்தால் சுருதி சேராது.